முன்வாசல் புதுச்சேரி, கொல்லை தமிழ்நாடு: வீட்டை எந்தப் பக்கம் கட்டுவது?

வேப்பமரத்தடி (கேள்வி)

வில்லியனூர் – விழுப்புரம் சாலையில், கண்டமங்கலம் தாண்டி மதகடிப்பட்டுக்கு முன்னால் ஒரு மனை விலைக்கு வருகிறது. ஒரே சொந்தக்காரர், சுற்றிலும் ஒரே வேலி. ஆனால் மாநில எல்லை மனைக்குள்ளேயே ஓடுகிறது. ரோட்டை ஒட்டிய முன்பகுதி 240 சதுர மீட்டர், புதுச்சேரி ஆர்.எஸ். (மறு நில அளவை) எண். பின்பகுதி விழுப்புரம் மாவட்டத்து சர்வே எண், பட்டாவில் "0 – 6.50" என்று இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கத்தில் ரோடு இல்லை.

கேட்க வேண்டியவை:

கோட்டின் மேலேயே வீட்டைக் கட்டலாமா? இரண்டுக்கும் சேர்த்து ஒரே கிரயப் பத்திரம் போதுமா? முன்பக்கம் வாங்கும் கரண்டில் பின்பக்கத்து போர் மோட்டாரை ஓட்டலாமா? முகவரி, வாக்காளர் பட்டியல், வண்டி எல்லாம் எந்த ஊர்க் கணக்கு? பையன் ஐந்தாம் வகுப்பு. முன்பக்கம் ஒரு சின்ன மளிகைக் கடை வைக்கும் எண்ணமும் உண்டு.

---

பைபாஸ்_ரைடர்

பின்கோடு 605-ல் ஆரம்பித்தால் புதுச்சேரி சார். போன் கோடும் 0413 தானே. இதில் என்ன குழப்பம்?

---

சங்கிலிக்காரன்

பைபாஸ் சார், அப்படிப் பார்த்தால் விழுப்புரம் நகரமே புதுச்சேரிக்குள் போய்விடும். விழுப்புரம் 605602. ஆரோவில் 605101, அதன் பெரும்பகுதி தமிழ்நாட்டில். புதுச்சேரியைச் சேர்ந்த மாகி 673310, கேரளத்து எண் வரிசை. ஏனாமும் புதுச்சேரிதான், ஆனால் 533464, ஆந்திரத்து எண் வரிசை. பின்கோடு என்பது கடிதத்தை எந்தத் தபால் அலுவலகம் பட்டுவாடா செய்கிறது என்று காட்டும் எண். 1972-ல் தபால் துறை தன் வசதிக்குப் போட்டது. நிலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 0413-உம் அப்படியே, வானூர்ப் பக்கத்துத் தமிழ்நாட்டு ஊர்களுக்கும் அதே கோடுதான்.

இனி வேப்பமரத்தடி சாருக்கு.

இந்தச் சாலையில் மாநிலம் மாறிக்கொண்டே போகும். வில்லியனூர் புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, திருபுவனை – மதகடிப்பட்டு மறுபடி புதுச்சேரி, வளவனூர் மறுபடி தமிழ்நாடு. ஆனால் எவ்வளவு துண்டாக இருந்தாலும் எல்லை எங்கும் கலங்கலாக இல்லை. மாநில எல்லை என்பது வருவாய் கிராமத்தின் வெளி எல்லைதான். கிராம எல்லையைத் தாண்டி எந்த சர்வே எண்ணும் போகாது. ஆகவே உங்கள் கண்ணுக்கு ஒரே மனையாகத் தெரிவது ஆவணத்தில் இரண்டு மனை. வேலி ஒன்று, சொத்து இரண்டு. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் பாருங்கள்.

முதல் வேலை அளவு. பட்டாவில் 0 – 6.50 என்பது 0 ஹெக்டேர் 6.50 ஏர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர். ஆக 650 சதுர மீட்டர், சதுர அடியில் ஏறக்குறைய 6,997, சென்ட்டில் 16.06. முன்பகுதி 240 சதுர மீட்டர் என்றால் 2,583 சதுர அடி. விற்பவர் குழிக் கணக்கில் பேசினால் உடனே நிறுத்தி, "எத்தனை அடிக் கோல்?" என்று கேளுங்கள். 12 அடிக் கோலில் அளந்தால் குழி 144 சதுர அடி, 24 அடிக் கோலில் 576. நாலு மடங்கு வித்தியாசம். எல்லைப்புற ஊர்களில் இரண்டு கணக்கும் காதில் விழும். அட்வான்ஸ் ரசீதில் சதுர மீட்டர் தவிர வேறு எதையும் எழுத விடாதீர்கள்.

இரண்டாவது, எல்லைக் கல். தமிழ்நாட்டுப் பக்கத்துக்கு "எங்கிருந்தும் எந்நேரமும்" தளத்தில் பட்டா, அ-பதிவேடு (நிலவகை, பரப்பு எழுதிய கிராமப் பதிவேடு), புலப்படம் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) மூன்றையும் எடுங்கள். புதுச்சேரிப் பக்கத்துக்கு "நிலமகள்" தளம், அல்லது நேராக நில அளவைத் துறை. புலப்படத்தைக் கையில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். கிராம எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒவ்வொரு வளைவுக்கும் மீட்டர் கணக்கில் நீளம் போட்டிருப்பார்கள். அந்தப் பக்கம் வெறும் வெள்ளைத்தாள், நடுவில் அடுத்த கிராமத்தின் பெயர் மட்டும். புதுச்சேரிப் படமும் அதே மாதிரி, எதிர்ப்பக்கம் வெள்ளை. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒட்டிப் பார்த்தால் கோடு கோட்டின் மேல் விழ வேண்டும். சில இடங்களில் விழாது. ஒரு பக்கத்து அளவை வேறு காலத்தில் நடந்தது, மறுபக்கம் வேறு காலத்தில். பழைய அளவுகள் லிங்க்கில் இருந்தவை. ஒரு லிங்க் 20.1 செ.மீ. அதை மீட்டருக்கு மாற்றியபோது வந்த பிசகும் சேரும். இடைவெளி விழுந்தால் அந்தக் கீற்று யாருக்கும் பட்டா இல்லாத நிலம். ஒரு படம் மற்றதன் மேல் ஏறினால் ஒரே கீற்றுக்கு இரண்டு பட்டா.

அதனால் ஒரு பக்கத்து சர்வேயரை மட்டும் கூட்டிவந்து அளந்து திருப்திப்படாதீர்கள். அவர் தன் படத்தின்படி கல்லைக் காட்டுவார், அவர் வேலை அதோடு முடிந்தது. இரண்டு தாலுகாவிலும் ஒரே வாரத்தில் மனு கொடுத்து, இருவரும் ஒரே நாளில் நிற்கும்படி கேட்க வேண்டும். இந்த ஊர்களுக்குப் புதுச்சேரிப் பக்கம் வில்லியனூர் தாலுகா. மனுவில் "மாநில எல்லைக் கற்களைக் காட்டி அளந்து தரவும்" என்று தெளிவாக எழுதுங்கள். வெறுமனே "மனை அளக்க" என்று எழுதினால் நாலு மூலையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பக்கத்தில் மூன்று கிராமங்கள் கூடும் இடத்துக் கல் இருந்தால் அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அதைத்தான் யாரும் எளிதில் நகர்த்தியிருக்க மாட்டார்கள். வயலோரக் கல்லை உழும்போது டிராக்டரே பெயர்த்துவிடும்.

அளந்து முடித்ததும் கோட்டின் மேல் 3 மீட்டருக்கு ஒன்றாகச் சிமென்ட் முளை அடித்து, இருவர் கையெழுத்தும் உள்ள வரைபடம் வாங்குங்கள். அது வராமல் அட்வான்ஸ் தராதீர்கள்.

---

செட்பேக் சண்முகி

கோட்டின் மேல் வீடு: கூடாது. யாரும் தடுக்கிறார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை, அனுமதி தருவதற்கு ஆளே இல்லை என்பதால் சொல்கிறேன்.

முன்பகுதிக்குத் திட்ட அனுமதி புதுச்சேரி திட்டக் குழுமம். பின்பகுதிக்குத் தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள். இரண்டு சர்வே எண்களை ஒரே மனையாக இணைப்பது ஒரே கிராமத்துக்குள் நடக்கும். மாநிலம் தாண்டி இணைக்க வழியே இல்லை. ஆக ஒவ்வொரு அலுவலகத்துக்கும் உங்கள் மனையின் பின் எல்லை அந்த மாநிலக் கோடுதான். செட்பேக்கையும் (எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட வேண்டிய இடம்) அந்தக் கோட்டிலிருந்துதான் அளப்பார்கள். கோட்டை ஒட்டியோ கோட்டின் மேலோ சுவர் வந்தால் இரண்டு பக்கமும் விதிமீறல்.

பின்பக்கம் பெரிதாக இருக்கிறதே, அங்கே கட்டலாமே என்று தோன்றும். அங்கே இரண்டு சிக்கல். ஒன்று, பாதை. தமிழ்நாட்டுப் பக்கம் ரோடு இல்லை. பின்மனைக்கு வழி உங்கள் முன்மனை வழியாகத்தான். இன்று இரண்டும் உங்களுடையது. நாளை முன்பகுதியை விற்றாலோ, பாகம் பிரிந்தாலோ, பின்மனை பூட்டிய பெட்டி. அங்கே கட்டுவதென்றால் முன்மனையில் ஒரு பக்கமாகப் பாதையை அளந்து விட்டு, அந்தப் பாதை உரிமையைப் புதுச்சேரி சார்பதிவகத்தில் பதிவு செய்து, அந்த நகலைத் தமிழ்நாட்டு வரைபட மனுவோடு வைக்க வேண்டும். இரண்டு, நிலவகை. அ-பதிவேட்டில் நஞ்சையா புஞ்சையா பாருங்கள். நஞ்சை என்றால் வகை மாற்றம் தனி வேலை.

தமிழ்நாட்டில் 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறை இருக்கிறது: மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரையும் முதல் மாடியும் மட்டும். உங்கள் பின்மனை ஏறக்குறைய 7,000 சதுர அடி. அப்படியே வைத்தால் அந்த வழி கிடைக்காது, வழக்கமான மனுதான்.

என் யோசனை: வீடு முழுவதும் முன்பக்கத்து 240 சதுர மீட்டருக்குள். பின்பக்கம் தோட்டம், கிணறு, மாடு. கோட்டின் மேல் சுவர் வேண்டாம், கம்பி வேலி போதும். கழிவுநீர்த் தொட்டியும் கட்டாயம் வீடு இருக்கும் பக்கத்திலேயே. தொட்டி மறு மாநிலத்தில் இருந்தால், பக்கத்து வயல்காரர் புகார் கொடுக்கும் நாளில் புதுச்சேரியின் கொம்யூன் பஞ்சாயத்து ஒரு பக்கம் கையை விரிக்கும், ஊராட்சி மறுபக்கம் கையை விரிக்கும்.

---

மீட்டர்பாக்ஸ்

கரண்ட் கேள்விக்கு மட்டும்.

ஓட்டக் கூடாது. எந்த இடத்துக்கு இணைப்பு வாங்கினீர்களோ அந்த இடத்துக்கு வெளியே ஒயர் இழுத்துப் பயன்படுத்தினால் 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் "அங்கீகாரமில்லாத பயன்பாடு". கட்டணம் இரண்டு மடங்கு. எப்போதிலிருந்து என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், சோதனைக்கு முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்துப் போடுவார்கள். உங்கள் விஷயத்தில் ஒயர் தாண்டுவது வேலியை அல்ல, மாநிலத்தை. புதுச்சேரிக்கு அரசு மின்துறை. தமிழ்நாட்டுக்கு மின் பகிர்மானக் கழகம். ஒழுங்குமுறை ஆணையமும் வேறு வேறு. சமாதானம் பேச ஒரு பொது மேசை கிடையாது.

வழி: போரை முன்பக்கத்தில் போடுங்கள். மோட்டாரும் ஸ்டார்ட்டரும் புதுச்சேரி மீட்டரில். பின்தோட்டத்துக்குத் தண்ணீர்க் குழாய் மட்டும் போகட்டும். சட்டம் சொல்வது மின்சாரத்தை, தண்ணீர்க் குழாயை அல்ல. பின்னாடியே போர் இருந்தால் அதற்குத் தமிழ்நாட்டில் தனி இணைப்பு. தமிழ்நாட்டு வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில், அதில் முதல் 100 யூனிட் இலவசம். புதுச்சேரியில் மாதாமாதம் பில். இரண்டையும் ஒன்றாகக் கணக்குப் பார்த்து "இங்கே அதிகம், அங்கே குறைவு" என்று ஏமாறாதீர்கள்.

---

வேப்பமரத்தடி

எல்லோருக்கும் நன்றி. சண்முகி மேடம் சொன்னபடி வீடு முன்பக்கம் என்றே வைத்துக்கொள்கிறேன். பத்திரம் ஒன்றா இரண்டா? விற்பவர், "ஒரே பத்திரமாகப் போட்டால் செலவு மிச்சம், பதிவுச் சட்டமே அனுமதிக்கிறது" என்கிறார்.

---

அசல்பத்திரம்

அவர் சொல்வது பாதி உண்மை. 1908 பதிவுச் சட்டம் 28-ஆம் பிரிவு, சொத்தின் ஒரு பகுதி எந்த சார்பதிவக எல்லைக்குள் இருக்கிறதோ அங்கே பதியலாம் என்கிறது. பதிந்த அலுவலகம் மற்ற அலுவலகத்துக்குக் குறிப்பு அனுப்ப வேண்டும். அது 64, 65-ஆம் பிரிவுகள். மத்தியச் சட்டத்தை மட்டும் படித்தால் நன்றாகத்தான் இருக்கும்.

நடைமுறையில் முத்திரைத் தீர்வையும் வழிகாட்டி மதிப்பும் மாநிலத்தின் வருமானம். தன் நிலத்துக்கான தீர்வை அடுத்த மாநிலத்துக்குப் போனதை எந்த அலுவலகமும் சும்மா விடாது. பட்டா மாறுதலுக்குப் போய் நிற்கும்போது "எங்கள் பதிவகத்துப் பத்திரம் எங்கே?" என்பார்கள். அனுப்பியிருக்க வேண்டிய குறிப்பு வந்து சேர்ந்ததா என்று தேடுவதிலேயே ஆண்டு போகும். வில்லங்கத்திலும் அந்தப் பரிவர்த்தனை ஒரு பக்கம் தெரியும், மறுபக்கம் தெரியாது. பிற்பாடு வாங்க வருபவருடைய வக்கீல் அங்கேயே நிறுத்திவிடுவார்.

ஆகவே இரண்டு கிரயப் பத்திரம், இரண்டு சார்பதிவகம், ஒரே நாள் அல்லது அடுத்தடுத்த நாள். ஒவ்வொன்றிலும் சொத்து விவரத்தில் நான்கெல்லை எழுதும்போது மறுபகுதியைப் பெயர் சொல்லி எழுதுங்கள். "மேற்கில் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம், இன்ன கிராமம், சர்வே எண் இன்னது, இன்றைய தேதியில் இதே வாங்குபவர் பெயரில் தனியாகக் கிரயம் பெறப்படுவது" என்கிற மாதிரி. திசையை உங்கள் வரைபடப்படி மாற்றிக்கொள்ளுங்கள். வெறும் "மேற்கில் விற்பவர் பாக்கி நிலம்" என்று எழுதினால் பத்து வருடம் கழித்து அந்தப் பாக்கி நிலம் யாருடையது என்று வழக்கு வரும்.

வில்லங்கமும் இரண்டு. சார்பதிவக எல்லைகள் இடையில் மாறியிருக்கும். பழைய ஆண்டுகளுக்கு முந்தைய அலுவலகத்தில் தேடச் சொல்ல வேண்டும். இப்போதைய அலுவலகத்தில் "வில்லங்கம் இல்லை" என்று வருவதற்கு, அந்த ஆண்டுப் புத்தகமே அவர்களிடம் இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். புதுச்சேரிப் பக்கத்து மூலப்பத்திரம் பிரெஞ்சுக் காலத்தது என்றால் நொத்தேர் (பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் அதிகாரி) முன் எழுதிய பிரெஞ்சுப் பத்திரமாக இருக்கும். மொழிபெயர்ப்பை மட்டும் நம்பாமல் அதில் உள்ள கதஸ்தர் (பிரெஞ்சு நிலப் பதிவேடு) எண்ணையும் இன்றைய ஆர்.எஸ். எண்ணையும் பொருத்திப் பாருங்கள். இன்னொன்று: விற்பவர் குடும்பம் பிரெஞ்சுக் காலத்தில் "ரெனோன்சான்", அதாவது தங்கள் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. வாரிசுகள் யார் யார் என்பதை அந்தச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

வங்கிக் கடன் வாங்கினால் வீடு இருக்கும் முன்பகுதிப் பத்திரத்தை மட்டும் ஈடு வையுங்கள். இரண்டையும் கேட்டால் இரண்டு மாநிலத்திலும் பத்திரத்தை ஈடாக ஒப்படைத்த குறிப்பு பதிய வேண்டிவரும், செலவு இரட்டை.

---

மூன்றாம்_பெஞ்ச்

பையன் படிப்பைப் பற்றி யாருமே பேசவில்லை. எனக்கு இதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது, ஏனென்றால் சுவரை இடித்துக் கட்டலாம், ஆறாம் வகுப்பைத் திரும்பப் படிக்க முடியாது.

தமிழ்நாட்டில் மருத்துவம் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-லிருந்து இருக்கிறது. அதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இடையில் ஒரு வருடம் புதுச்சேரி அரசுப் பள்ளியில் படித்தாலும் அது போய்விடும். அதுவும் அரசுப் பள்ளிதானே என்ற வாதம் எடுபடாது. பொது ஒதுக்கீட்டுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்திருந்தால் இருப்பிடச் சான்று தேவையில்லை. வெளியே படித்திருந்தால் தேவை. வீடு புதுச்சேரியில் என்றால் எந்தத் தாசில்தார் அதைக் கொடுப்பார்?

மறுபக்கம், புதுச்சேரிக் கல்லூரி இடங்களுக்குச் சென்டாக் என்னும் அரசுச் சேர்க்கைக் குழுவின் கலந்தாய்வு. அதற்குத் தொடர்ந்து 5 ஆண்டு புதுச்சேரியில் குடியிருந்ததற்கான சான்று வேண்டும். பையன் ஐந்தாம் வகுப்பு என்றால் காலம் இருக்கிறது. ஆனால் ஆதார், ரேஷன், வாக்காளர் எல்லாம் புதுச்சேரி முகவரிக்கு மாறிய தேதியிலிருந்துதான் அந்த ஐந்தாண்டைச் சந்தேகமில்லாமல் காட்ட முடியும். பாடத்திட்டமும் பிரிந்துவிட்டது. முன்பெல்லாம் புதுச்சேரி, காரைக்காலில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். இப்போது புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் சி.பி.எஸ்.இ. எட்டாம் வகுப்பில் தாவினால் சிரமம்.

ஆகவே ஆறாம் வகுப்பு சேர்க்கைக்கு முன் ஒரு பக்கத்தை முடிவு செய்துவிடுங்கள். சாதிச் சான்றும் அதே பக்கத்துத் தாசில்தாரிடம். இரண்டு மாநிலத்துச் சாதிப் பட்டியலும் வேறு. ஒரே சாதி ஒரு பக்கம் ஒரு பிரிவு, மறுபக்கம் வேறு பிரிவு என்று இருக்கலாம். ஒரு மாநிலத்துச் சான்றை வைத்து மறு மாநில ஒதுக்கீடு கேட்க முடியாது.

---

சங்கிலிக்காரன்

பெஞ்ச் சொல்வது சரி. நான் நிலத்தைப் பற்றியே பேசிவிட்டேன். பையனுக்கு 7.5 முக்கியம் என்று தீர்மானித்தால் சண்முகி மேடத்தின் யோசனையைத் தலைகீழாகப் போட வேண்டும்: பாதையை முதலில் பதிந்துவிட்டு, பின்பக்கம் வீடு.

---

செட்பேக் சண்முகி

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 7.5-க்கு வீடு தமிழ்நாட்டில் இருக்க வேண்டும் என்பதில்லை, பள்ளிதான் அங்கே இருக்க வேண்டும். இருப்பிடத்தையும் பள்ளியையும் குழப்பாதீர்கள்.

---

சரண்டர்_சான்று

முகவரி வேலைகளுக்கு வருகிறேன். வரிசை முக்கியம்.

முதலில் வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும். அடுத்து ஆதார். ஆதாரில் பின்கோடு போட்டதும் மாநிலம், மாவட்டம், ஊர்ப் பட்டியல் தானாக வந்து நிற்கும். 605-ல் தமிழ்நாட்டு ஊர்களும் புதுச்சேரி ஊர்களும் கலந்திருப்பதால், முதலில் வருவதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மாநிலமே மாறிவிடும். சேவை மையத்தில் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, "மாநிலம்" என்ற கட்டத்தை நீங்களே வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஒப்புகைச் சீட்டிலும் பாருங்கள். இது தவறினால் பிறகு வரும் எல்லாச் சான்றிலும் அதே தவறு இறங்கும்.

ரேஷன்: பழைய மாநிலத்தில் பெயர் நீக்கி, ஒப்படைப்புச் சான்று வாங்கிய பிறகுதான் புதியதற்கு மனு.

வாக்காளர்: இடம் மாறுவதற்குப் படிவம் 8. எங்கே வழக்கமாகக் குடியிருக்கிறீர்களோ அங்கேதான் பெயர். அங்கே நிலமோ வீடோ சொந்தமாக இருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது என்று 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்கிறது. பின்பக்கத்து ஊராட்சித் தேர்தலுக்காக அங்கேயும் ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது ஆசை காட்டினால் விலகுங்கள்.

வண்டி: வீடு புதுச்சேரி என்றால் பி.ஒய். எண். ஏற்கெனவே டி.என். 32 வண்டி இருந்தால், 12 மாதத்துக்கு மேல் மறு மாநிலத்தில் வைத்திருக்கும்போது மறுபதிவு வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 47. பழைய அலுவலகத்தில் படிவம் 28-ல் தடையின்மைச் சான்று, புதிய அலுவலகத்தில் படிவம் 27. கடன் இருந்தால் வங்கியின் கடிதமும். தினமும் இரண்டு பக்கமும் ஓடும் வண்டிக்கு "எங்கே வைத்திருக்கிறாய்?" என்ற கேள்வி வரும்; அதற்கு ஆதார் முகவரிதான் பதில்.

பிறப்பு, இறப்பு மட்டும் வேறு விதி. வீடு எங்கே இருந்தாலும் சம்பவம் நடந்த இடத்தில்தான் பதிவு, 21 நாளுக்குள். தமிழ்நாட்டு வீட்டுக் குழந்தை புதுச்சேரி மருத்துவமனையில் பிறந்தால் புதுச்சேரிச் சான்றிதழ். அதில் பெற்றோரின் நிரந்தர முகவரிக் கட்டத்தில் மாநிலப் பெயரோடு முழுதாக எழுதச் சொல்லுங்கள்.

---

கல்லாப்பெட்டி

மளிகைக் கடைக்கு ஜி.எஸ்.டி.

புதுச்சேரி மாநிலக் குறியீடு 34, தமிழ்நாடு 33. பொருள் விற்பனைக்குப் பதிவு வரம்பு தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம். புதுச்சேரியில் 20 லட்சம். முன்பக்கம் கடை என்றால் உங்களுக்கு 20.

வரம்புக்குள் இருந்தாலும், மாநிலம் தாண்டிப் பொருள் விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். காம்போசிஷன் (விற்பனைத் தொகையில் சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும்) திட்டத்தில் இருப்பவர் மாநிலம் தாண்டி விற்கவே கூடாது. உங்கள் வாடிக்கையாளரில் பாதிப் பேர் எதிர்த் தெருவிலிருந்து வரும் தமிழ்நாட்டுக்காரர்கள். அப்படியானால் என்ன செய்வது?

2023 அக்டோபர் 1 முதல் விதி இப்படி: பதிவில்லாத வாடிக்கையாளருக்கு விற்றால், பில்லில் எழுதிய முகவரி எந்த மாநிலமோ அதுவே விற்பனை நடந்த மாநிலம். முகவரி எழுதாவிட்டால் கடை இருக்கும் மாநிலம். மாநிலப் பெயரை மட்டும் எழுதினாலும் முகவரி எழுதியதாகவே கணக்கு. ஆகவே கல்லாவில் வந்து வாங்கிப் போகிறவர்களுக்குப் பெயர், தொகை மட்டும் போட்ட பில் போதும். பில் மென்பொருளில் "வாடிக்கையாளர் மாநிலம்" என்ற கட்டத்தில் பழைய பதிவிலிருந்து 33 தானாக ஏறுகிறதா என்று முதல் நாளே பாருங்கள். அதிலிருந்துதான் பெரும்பாலான தொல்லை. 50,000 ரூபாயோ அதற்கு மேலோ பில் என்றால் முகவரி எழுதியே ஆக வேண்டும்.

கடைச் சரக்கைப் பின்பக்கத்துக் கொட்டகையில் அடுக்காதீர்கள். அது தமிழ்நாட்டு கிடங்கு. பத்தடி தள்ளி மூட்டையை வைத்தாலும் மாநிலம் தாண்டிய சரக்கு.

---

அசல்பத்திரம்

வழக்கு என்று வந்தால்: நிலம் எங்கே இருக்கிறதோ அந்த எல்லைக்கு உட்பட்ட நீதிமன்றம். இரண்டு நீதிமன்ற எல்லையில் விரவிக் கிடக்கும் சொத்துக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டம் 17-ஆம் பிரிவு, ஏதாவது ஒன்றில் தொடரலாம். எந்த எல்லைக்குள் என்பதே நிச்சயமில்லை என்றால் 18-ஆம் பிரிவு. நீதிமன்றம் அந்த நிச்சயமின்மையைப் பதிவு செய்துவிட்டு விசாரிக்கலாம். மேல்முறையீடு என்று போனால் இரண்டு பக்கத்துக்கும் சென்னை உயர் நீதிமன்றமே, அந்த மட்டில் நிம்மதி.

---

பைபாஸ்_ரைடர்

பின்கோடு விஷயத்தில் தோற்றுவிட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன்: இப்படி ஒட்டுப்போட்ட மாதிரி எல்லையை யார் போட்டது?

---

சங்கிலிக்காரன்

யாரும் ஒரே மூச்சில் போடவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஊர் ஊராக வாங்கிச் சேர்த்தார்கள். சண்டையில் பிரிட்டிஷார் பிடுங்கிக்கொண்டார்கள். 1814 பாரிஸ் உடன்படிக்கையில், 1792 ஜனவரி 1 அன்று யார் கையில் எது இருந்ததோ அதன்படி திருப்பித் தருவதாக முடிவு. அப்படியே கிராமம் கிராமமாகத் திரும்பின. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவுக்கு வந்தபோதும், 1962-ல் சட்டப்படி இணைந்தபோதும், அந்தக் கிராமக் கோடுகளை யாரும் தொடவில்லை. அதனால்தான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டக்குப்பம் தமிழ்நாடு, அடுத்து காலாப்பட்டு புதுச்சேரி.

---

இரவுப்பணி

ஒன்று விட்டுப்போய்விட்டது. அவசரத்துக்கு 108 அல்லது 112 அழைக்கும்போது அழைப்பு உங்கள் போன் பிடித்திருக்கும் டவரைப் பொறுத்துப் போகும். வீடு புதுச்சேரி, டவர் தமிழ்நாட்டில் என்றால் தமிழ்நாட்டுக் கட்டுப்பாட்டு அறை எடுக்கும். எடுத்ததும் முதல் வார்த்தையாக மாநிலத்தைச் சொல்லுங்கள், பிறகு ஊர், பிறகு சாலையில் தெரியும் அடையாளம். "மதகடிப்பட்டு பக்கம்" என்று ஆரம்பித்தால் நாலு கேள்வி கூடும்.

திருட்டு, அடிதடி என்றால் "இது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை. மின்வழியில் கொடுத்தால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். சங்கிலிக்காரன் சொன்ன இருவர் கையெழுத்துள்ள வரைபடத்தின் நகல் ஒன்றை வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பொருள் காணாமல் போனது கொல்லையிலா கூடத்திலா என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.

---

வேப்பமரத்தடி

இரண்டு தாலுகாவுக்கும் அளவை மனு எழுதியாகிவிட்டது, திங்கட்கிழமை கொடுக்கிறேன். விற்பவர் குழிக் கணக்கில்தான் விலை சொல்லியிருக்கிறார் என்பதை இப்போதுதான் கவனித்தேன். எத்தனை அடிக் கோல் என்று கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.